ஒரே வீக்கம்: பேரனுக்கு மாத்திரை, அப்பத்தாவுக்கு ஏன் பயாப்ஸி?

காரைக்குடியில் ஒரே வீட்டில் நான்கு வயதுப் பேரனுக்கும் அப்பத்தாவுக்கும் முகம் வீங்கி, சிறுநீரில் புரதம் போகிறது. பையனுக்கு நேராக மாத்திரை, அப்பத்தாவுக்கு மட்டும் சிறுநீரகத்தில் ஊசி குத்திச் சதை எடுப்பானேன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

காரணம் வயதுதான். இந்த வயதில் இப்படிப் புரதம் போய் வீங்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 80 சதவீதத்தினருக்கு இருப்பது 'மினிமல் சேஞ்ச்' நோய். சாதாரண நுண்ணோக்கியில் சிறுநீரக வடிகட்டிகள் பழுதில்லாதவை போலவே தெரியும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில்தான் அவற்றைப் போர்த்தியிருக்கும் செல்களின் பாதங்கள் தட்டையாகிக் கிடப்பது புலப்படும். பெரும்பாலோர் நான்கு வார ஸ்டீராய்டில் தேறிவிடுவார்கள். தேறாவிட்டாலோ, ஒரு வயது நிரம்பாத குழந்தையானாலோ, சிறுநீரில் கண்ணுக்குத் தெரியும்படி இரத்தம் போனாலோ குழந்தைக்கும் பயாப்ஸி உண்டு.

இதே வீக்கம் வரும் பெரியவர்களில் மினிமல் சேஞ்ச் 10 முதல் 15 சதவீதம்தான். மெம்பிரேனஸ் (வடிகட்டியின் சவ்வு தடிப்பது), எஃப்.எஸ்.ஜி.எஸ். (சில வடிகட்டிகளில் ஒரு பகுதி தழும்பாவது), சர்க்கரை நோய், அமிலாய்டு (ஒருவகைப் புரதம் படிவது) என்று அதே வீக்கத்துக்குப் பின்னால் வேறு வேறு நோய்கள். மருந்தும் வேறு வேறு. போதாததற்கு, வயதானாலே சில வடிகட்டிகள் தழும்பாகிவிடும். எது முதுமை, எது நோய் என்று பிரித்தறிய வேண்டும். குழந்தையின் திசுவில் அந்தக் குழப்பம் அநேகமாக இல்லை. மெம்பிரேனஸ் நோயைக் காட்டிக்கொடுக்கும் பி.எல்.ஏ.2.ஆர். எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருந்தால் சிலருக்கு ஊசியே தேவைப்படாது.

அப்பத்தா செந்தூரம், பற்பம் ஏதும் சாப்பிட்டாரா, வீட்டில் யாராவது சிவப்பழகு கிரீம் பூசுகிறார்களா? மருத்துவரிடம் மறைக்காதீர்கள். பாதரசம் கலந்திருந்தால் மெம்பிரேனஸ் நோய் வரலாம். நிறுத்தினால் பலருக்குத் தணிந்தும்விடுகிறது.