அமெரிக்க அடிமை ஒழிப்பு: லிங்கனும் மற்றவர்களும் – கேள்வி பதில்

கேள்வி: லிங்கனின் 1863 ஜனவரி 1 விடுதலைப் பிரகடனத்தோடு அடிமை முறை ஒழிந்தது என்றுதான் படித்தோம். அப்படியென்றால் அடிமை முறையை ஒழித்த அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தம் எதற்கு சார்?

பதில்: அந்தப் பிரகடனம் சட்டமல்ல, வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போரின்போது, படைத்தலைவர் என்ற முறையில் அதிபர் லிங்கன் போட்ட போர்க்கால உத்தரவு. பிரிந்துபோய்க் கலகம் செய்த தென் பகுதிகளுக்கு மட்டுமே அது செல்லும். அடிமை முறை இருந்தும் பிரியாமல் ஒன்றியத்தோடு (லிங்கன் அரசோடு) நின்ற கென்டக்கி, மிசௌரி, மேரிலாந்து, டெலவேர் மாநிலங்களை அது தொடவில்லை. டென்னசியையும் விட்டுவிட்டது. போர் முடிந்ததும் நீதிமன்றம் அந்த உத்தரவைச் செல்லாது என்றுவிட்டால் என்ன ஆகும்? இந்தக் கவலையில்தான் திருத்தம் கொண்டுவந்தார்கள்.

1864 ஏப்ரலில் செனட்டில் நிறைவேறியது, ஜூனில் பிரதிநிதிகள் சபையில் தோற்றது. 1865 ஜனவரி 31-இல் மறுபடி வாக்கெடுப்பு: ஆதரவு 119, எதிர்ப்பு 56. மூன்றில் இரண்டு பங்குக்கு 117 வேண்டும். இரண்டே வாக்கு கூடுதல். பிறகு 36 மாநிலங்களில் 27-இன் ஒப்புதல் தேவைப்பட்டது. 27-ஆவதாக ஜார்ஜியா டிசம்பர் 6-இல் ஒப்பியது. மேரிலாந்தும் மிசௌரியும் அதற்கு முன்பே தாமாக ஒழித்துவிட்டன. கென்டக்கியிலும் டெலவேரிலும் அந்த டிசம்பர் வரை அடிமைகள் இருந்தார்கள்.

திருத்தத்தில் ஓர் ஓட்டை உண்டு. குற்றத்துக்குத் தண்டனையாகக் கட்டாய உழைப்பு வாங்கலாம் என்று விலக்கு வைத்தார்கள். தென் மாநிலங்கள் கைதிகளைத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் வாடகைக்கு விட்டது இதைப் பிடித்துக்கொண்டுதான்.

கேள்வி: டக்ளஸ் அடிமை முறையை எதிர்த்தாரா, ஆதரித்தாரா? இரண்டு விதமாகவும் எழுதுகிறார்களே.

பதில்: அவர்கள் இரண்டு பேர். தமிழில் எழுதும்போது இருவருமே டக்ளஸ் ஆகிவிடுவதால் வரும் குழப்பம் இது. ஸ்டீபன் டக்ளஸ் இல்லினாய் செனட்டர். அடிமை முறை வேண்டுமா என்பதை அந்தப் பகுதிகளின் குடியேறிகளே முடிவு செய்யலாம் என்று அதற்கு வழி திறந்த 1854 கான்சஸ்–நெப்ராஸ்கா சட்டம் அவர் கொண்டுவந்தது. ஃபிரெடரிக் டக்ளஸ் 1838-இல் மேரிலாந்திலிருந்து தப்பிய அடிமை, அடிமை முறையை எதிர்த்த பேச்சாளர், பத்திரிகையாளர். முழுப்பெயரையே எழுதுங்கள்.

கேள்வி: ஃபிரெடரிக் டக்ளஸும், அடிமை ஒழிப்புப் பத்திரிகையாளர் வில்லியம் லாயிட் கேரிசனும் ஒரே அணிதானே, ஏன் பிரிந்தார்கள்?

பதில்: அரசியலமைப்பை எப்படி வாசிப்பது என்பதில். ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிட்டுப் பிரதிநிதிகள் சபையில் தெற்குக்குக் கூடுதல் இடங்கள் தந்ததும், தப்பியவரைத் திருப்பி ஒப்படைக்கச் சொன்னதும் அதுதான். ஆகவே அது அடிமை உடைமையாளர்களின் பத்திரம், அதன்கீழ் வாக்களிப்பதே பாவம் என்றார் கேரிசன். 1854 ஜூலை 4-இல் அதன் பிரதியைக் கூட்டத்தில் எரித்தார். டக்ளஸும் முதலில் அப்படித்தான் பேசினார். 1851-இல் மாறினார்: ‘அடிமை’ என்ற சொல்லே அதில் இல்லை, விடுதலைக்குச் சாதகமாக வாசித்துத் தேர்தல் களத்தில் இறங்குவோம் என்றார். கேரிசனின் நேர்மை பெரிது. ஆனால் வெல்லும் வழியைக் கண்டவர் டக்ளஸ் என்பதே என் முடிவு.

கேள்வி: தப்பிவந்த அடிமையான ஹாரியட் டப்மன், திரும்பத் திரும்பப் போய் 300 அடிமைகளை மீட்டது உண்மையா?

பதில்: அது பிறகு ஊதிய கணக்கு. சுமார் 13 பயணங்களில் ஏறத்தாழ 70 பேர். நீண்ட இரவுக்காகக் குளிர்காலத்தையும், திங்கள் வரை தேடுதல் விளம்பரம் அச்சாகாது என்பதால் சனி இரவையும் தேர்ந்தார். தப்பிய அடிமைகளைப் பிடித்துத் திருப்பி அனுப்பச் சொன்ன 1850 சட்டத்துக்குப் பிறகு வடமாநிலங்களிலும் பாதுகாப்பில்லை, கனடாவரை கூட்டிப்போக வேண்டியிருந்தது. அந்தச் சட்டப்படி, பிடிபட்டவரைத் திருப்பி அனுப்பினால் விசாரிக்கும் அதிகாரிக்கு 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். பிடிபட்டவர் சாட்சி சொல்லவும் முடியாது.

கேள்வி: தெற்கு போராடியது மாநில உரிமைக்காக என்கிறார்களே?

பதில்: மேலே சொன்ன 1850 சட்டத்தையே பாருங்கள். வடமாநிலங்களின் சட்டங்களை மீறி மத்திய அரசு ஆள்பிடிக்க வேண்டும் என்று கேட்டதே தெற்குதான். மிசிசிப்பி 1861-இல் வெளியிட்ட பிரிவினை அறிக்கையையும் படியுங்கள். தங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுமையாகப் பிணைந்தது என்று தொடக்க வரிகளிலேயே அவர்களே எழுதியிருக்கிறார்கள்.