நடுக்கடலில் ரகசியமாக அணுகுண்டு சோதனை நடத்தினால் உலகத்துக்குத் தெரியவருமா?

தெரிந்துவிடும். ஒளிந்து வெடிக்க இடம் தேடுபவர்களுக்குக் கடலைவிட மோசமான இடம் கிடையாது.

ஆழம் போகப் போகக் கடல்நீர் குளிர்ந்து, ஒலியின் வேகம் குறையும். இன்னும் கீழே அழுத்தம் ஏறுவதால் வேகம் மறுபடி கூடும். இடையில், வெப்பக் கடல்களில் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில், ஒலி மிக மெதுவாகச் செல்லும் அடுக்கு ஒன்று இருக்கிறது. 'சோஃபார்' தடம் என்பார்கள். அதில் அகப்பட்ட ஒலி மேலே போனாலும் கீழே போனாலும் வளைந்து அங்கேயே திரும்பிவிடும். கடல் மட்டத்திலோ தரையிலோ மோதி வீணாகாததால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்யும்.

வியன்னாவில் இருக்கும் அணுச்சோதனைத் தடை ஒப்பந்த அமைப்பு, நில அதிர்வைக் கவனிக்க 170 நிலையங்களைத் திட்டமிட்டது. உலகக் கடல்கள் அத்தனைக்கும் 11 போதுமானதாக இருந்தது! அதிலும் ஆறில்தான் நீருக்குள் ஹைட்ரோஃபோன், அதாவது நீரடி ஒலிவாங்கி, வைத்திருக்கிறார்கள். தரையில் நங்கூரமிட்டு, மிதவை கட்டி, தடத்தின் ஆழத்தில் மும்மூன்றாக நிறுத்தியிருப்பார்கள். மூன்றும் சுமார் 2 கிலோமீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நிற்கும். எந்த மூலைக்கு ஒலி முதலில் வந்தது என்பதிலிருந்து திசை கிடைத்துவிடும்.

நிலநடுக்கத்தோடு குழப்பிக்கொள்ள மாட்டார்களா என்றால், வாய்ப்பு குறைவு. நிலநடுக்கத்தின் ஒலி மெல்ல எழுந்து நீளும். வெடி சட்டென்று எகிறும். ஆழத்தில் வெடித்தால் வாயுக்குமிழ் விரிந்து சுருங்கி மறுபடி விரியும். அந்தத் துடிப்பும் பதிவாகும்.

2017 நவம்பர் 15 அன்று 44 பேருடன் காணாமல் போனது அர்ஜெண்டினாவின் சான் ஹுவான் நீர்மூழ்கி. அன்று இந்த அமைப்பின் அசென்ஷன் (அட்லாண்டிக்), குரோசே (தென் இந்தியப் பெருங்கடல்) தீவு நிலையங்களில் ஒரு சந்தேக ஒலி பதிவாகியிருந்தது. நீர்மூழ்கி காணாமல் போன பகுதியிலிருந்து அசென்ஷன் ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர். ஒலி போய்ச்சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சரிபார்க்க அர்ஜெண்டினா வேண்டுமென்றே கடலில் ஒரு வெடியைப் போட்டது, அதுவும் கேட்டது. அடுத்த ஆண்டு நீர்மூழ்கியின் சிதைவு, ஒலி சுட்டிய பகுதியிலேயே, 900 மீட்டருக்கும் கீழே கிடைத்தது. அணுகுண்டோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய சத்தம் என்பதைக் கவனியுங்கள்.

2004 சுமத்ரா நிலநடுக்கத்தில் பிளவு வடக்கு நோக்கி ஓடியதை இந்தியப் பெருங்கடல் தீவான டியாகோ கார்சியாவின் ஹைட்ரோஃபோன்கள் பதிவு செய்தன. நம் கரைக்கு அதனால் பயனில்லை. சுனாமி எச்சரிக்கைக்குத் தரவு தரும் ஏற்பாடே அப்போது கிடையாது. 2006-ல்தான் முறைப்படி முடிவெடுத்தார்கள்.

ஆனால் எங்கே வெடித்தது என்று சொல்லும் கடல், யார் வெடித்தது என்று சொல்லாது. இந்த வலைப்பின்னல் வருவதற்கு முன்பு, 1979 செப்டம்பர் 22 அன்று, அணுவெடிப்புகளைக் கண்காணிக்கும் அமெரிக்காவின் வேலா செயற்கைக்கோள் தென்கடலுக்கு மேல், வளிமண்டல அணுவெடிப்பின் அடையாளமான இரட்டை ஒளிவீச்சைக் கண்டது. நீருக்கடி ஒலிப் பதிவுகளும் அதற்குப் பொருந்துவதாக அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் சொன்னது. அன்றைய அமெரிக்க அதிபர் கார்ட்டரின் அரசு அமைத்த குழுவோ அணுச்சோதனையாக இருக்க வாய்ப்பில்லை என்றது. இஸ்ரேல் மீதும் தென்னாப்பிரிக்கா மீதும் சந்தேகம் இன்றுவரை இருக்கிறது, ஒப்புக்கொண்டவர் யாருமில்லை.