மூன்று மணி விழிப்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 52 வயதாகிறது. இரவு 11 மணிக்குப் படுத்துக் காலை 6 மணிக்கு எழுவது பல ஆண்டுகளாக என் வழக்கம். கடந்த ஓராண்டாக அதிகாலை 3 மணி அளவில் விழிப்பு வந்துவிடுகிறது; அதன்பிறகு விடியும்வரை புரண்டுகொண்டிருக்கிறேன். கைபேசியை எடுத்து மணி பார்ப்பேன். எழுவதற்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது, இப்போது உறங்கினாலும் சமாளித்துவிடலாம் என்று எண்ணிக்கொள்வேன். சிறிது நேரம் கழித்து மறுபடியும் பார்ப்பேன். மூச்சை எண்ணுவது, நூறிலிருந்து தலைகீழாக எண்ணுவது எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். இழந்த தூக்கத்தை ஈடுகட்டுவதற்காக இப்போது 9 மணிக்கே படுத்துவிடுகிறேன்; விடுமுறை நாட்களில் 8 மணிக்கு முன் எழுவதில்லை. விடியும்வரை ஒரே மூச்சில் உறங்க வழி உண்டா? நீங்களும் சில காலம் இந்தத் தொல்லையில் இருந்ததாக முன்பொருமுறை எழுதியிருந்தீர்கள். அதனால்தான் கேட்கிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

நான் மருத்துவன் அல்ல. ஏறக்குறைய இரண்டாண்டுகள் உங்களைப் போலவே கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தவன், அதன்பொருட்டுக் கொஞ்சம் படித்தவன், அவ்வளவுதான்.

ஒரே மூச்சில் விடியும்வரை உறங்குபவர் எவரும் இல்லை. உறக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக நிகழ்கிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் நாம் விழிப்பின் விளிம்புவரை வந்து, புரண்டு படுத்து, மறுபடியும் அமிழ்ந்துவிடுகிறோம், காலையில் அது நினைவில் இருப்பதில்லை. ஆழ்ந்த உறக்கத்தின் பெரும்பகுதி இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கிலேயே முடிந்துவிடுவதாலும், வயது கூடக்கூட அந்த ஆழம் குறைந்துகொண்டே வருவதாலும், பின்னிரவில் வரும் விளிம்புகளில் கண் திறந்துவிடுவது எளிது. அதுவரை நம்மை அழுத்திவைத்திருந்த உறக்கப் பசியும் அந்நேரம் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். ஆகவே 3 மணிக்கு விழிப்பது கோளாறு அல்ல. விழித்தபின் என்ன செய்கிறோம் என்பதில்தான் கோளாறு நுழைகிறது.

உங்கள் கடிதத்திலுள்ள எண்களை நீங்களே ஒருமுறை கூட்டிப் பாருங்கள். 11 முதல் 6 வரை ஏழு மணி நேரம் உறங்கிப் பழகிய உடல் உங்களுடையது. இப்போது 9 மணிக்குப் படுத்து 3 மணிக்கு விழிக்கிறீர்கள். படுத்ததும் உறங்கியிருந்தால், விழிக்கும்போது ஆறு மணி நேரம் முடிந்துவிட்டது. உடல் தன் பங்கை ஏறக்குறைய வாங்கிக்கொண்டுவிட்டது. நீங்களோ இன்னும் மூன்று மணி நேரம் பாக்கி என்று அதனிடம் வழக்காடிக்கொண்டிருக்கிறீர்கள். ஏழு மணி நேரத் தூக்கத்தை ஒன்பது மணி நேரப் படுக்கையின்மேல் இழுத்துப் பரப்பினால் அது நடுவில் கிழியத்தான் செய்யும்.

ஓராண்டுக்கு முன் 11 மணிக்குப் படுத்தபோதே இது தொடங்கிவிட்டதே என்று நீங்கள் கேட்கலாம். உறக்கமின்மையை ஆராய்ந்த ஆர்தர் ஸ்பீல்மன் 1980களில் இதற்கு ஒரு தெளிவான விளக்கம் அளித்தார்: தூக்கமின்மையைத் தொடங்கிவைக்கும் காரணம் ஒன்று, அதை நிலைக்கவைக்கும் காரணம் வேறொன்று. ஏதோ ஒரு கவலையோ காய்ச்சலோ தொடங்கிவைத்துவிட்டுப் போய்விடுகிறது. முன்கூட்டியே படுப்பது, விடுமுறையில் நெடுநேரம் கிடப்பது, பகலில் கண்ணயர்வது என நாம் செய்யும் பரிகாரங்கள்தான் அதைக் காப்பாற்றி வளர்க்கின்றன. என் விஷயத்தில் தொடங்கிவைத்தது எது என்றே இன்று எனக்கு நினைவில்லை. வளர்த்தது நான்தான்.

கைபேசியின் வெளிச்சம், உடலை உறக்கத்துக்கு ஆயத்தப்படுத்தும் மெலடோனின் சுரப்பைத் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த வெளிச்சத்தைவிட, அதில் தெரியும் எண் அதிகத் தீங்கு செய்கிறது என்பது என் எண்ணம். மூன்று மணி நேரம் இருக்கிறது, இரண்டரை இருக்கிறது என்று கழிக்கத் தொடங்கிய மனம் அலுவலகத்தைத் திறந்துவிட்டது. அடுத்து நாளைய வேலைகள் வரிசையாக வந்து நிற்கும். கைபேசியை வேறு அறையில் வையுங்கள். அதை அகற்றிய பிறகும் பல நாட்கள் என் கை இருட்டில் அதைத் துழாவிக்கொண்டிருந்தது என்பதை வெட்கத்துடன் சொல்லிக்கொள்கிறேன்.

மூச்சை எண்ணுவதில் தவறில்லை. ஒவ்வொரு பத்துக்கும் ஒருமுறை ‘தூக்கம் வந்துவிட்டதா’ என்று பார்த்துக்கொள்கிறோமே, அங்கேதான் சிக்கல், ஏனென்றால் அப்படிக் காவல் காப்பவன் விழித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. மனநல மருத்துவர் விக்டர் ஃப்ராங்க்ல் தூக்கம் வராதவர்களிடம், உறங்க முயலாதீர்கள், விழித்திருக்க முயலுங்கள் என்று சொன்னார். படித்தபோது சிரித்தேன். பிறகு ஓர் இரவு, இன்று உறங்குவதில்லை என்ற முடிவோடு இருட்டில் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு கிடந்தேன். எப்போது மூடியது என்று தெரியவில்லை. எல்லா இரவுகளிலும் அது பலிக்கவில்லை.

பலிக்காத இரவுகளுக்கு உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972இல் வகுத்த முறை இருக்கிறது. அதுதான் என்னைக் கரைசேர்த்தது. உத்தேசமாகக் கால் மணி நேரமாகியும் உறக்கம் வரவில்லை என்றால், மணி பார்க்காமல், படுக்கையை விட்டு எழுந்து வேறிடத்துக்குச் சென்றுவிட வேண்டும். மங்கலான விளக்கில் சுவாரசியமற்ற எதையாவது செய்துகொண்டிருந்து, கண் சொக்கும்போது மட்டுமே திரும்பிவர வேண்டும். வந்தும் உறக்கம் இல்லையென்றால் மறுபடியும் எழ வேண்டும். இரவெல்லாம் புரண்டே பழகியதால் உடலுக்குப் படுக்கை என்றாலே விழிப்பு என்று பதிந்துவிடுகிறது. அந்தப் பதிவை அழிக்கும் வேலை இது. ‘படுத்துக் கிடந்தாலாவது ஓய்வு கிடைக்குமே’ என்று மனம் கெஞ்சும். நானும் பல வாரங்கள் அதன் பேச்சைக் கேட்டு ஏமாந்தேன். பிறகு ஒரு நாற்காலியில் அமர்ந்து அகராதியைப் புரட்டத் தொடங்கினேன். முதல் வாரம் முன்பைவிட மோசமாக இருந்தது, பகலில் நின்றபடியே தூங்கினேன். மூன்றாவது வாரத்தில் ‘க’ வரிசையைத் தாண்ட முடியாமல் கண் சொக்கியது.

காபியைப் பகல் 12 மணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குடித்து ஐந்து மணி நேரம் கழிந்தும் ஏறத்தாழப் பாதிக் காஃபீன் உடலில் இருக்கும். மது உறக்கத்தைத் தொடங்கிவைத்துப் பின்னிரவில் கலைத்துவிடும்.

பலத்த குறட்டையோ, மூச்சுத் திணறி எழுவதோ, அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவதோ, நெஞ்செரிச்சலோ, விழிக்கும்போதே மனதைக் கவ்வும் சோர்வோ இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். அவை இல்லாவிட்டாலும், வாரத்தில் மூன்று இரவுகளாவது என்ற கணக்கில் மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பதை நாட்பட்ட உறக்கமின்மை என்கிறார்கள். நீங்கள் அந்த எல்லையைக் கடந்துவிட்டீர்கள். இதற்கு மாத்திரைக்கு முன் தரப்பட வேண்டியது, மேலே சொன்ன முறைகளை உள்ளடக்கிய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்னும் மருத்துவர் அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது. வலிப்பு நோய் உள்ளவர்களும் வாகனம் ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்களும் படுக்கை நேரத்தைத் தாமாகக் குறைக்காமல் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செய்வது நல்லது.

மற்றபடி, இன்றிரவு 11 மணிக்கு முன் படுக்க வேண்டாம். எப்படி உறங்கினாலும், விடுமுறையானாலும், 6 மணிக்கு எழுந்துவிடுங்கள். மூன்று வாரங்கள் கழித்து எழுதுங்கள். எத்தனை மணிக்கு விழித்தீர்கள் என்று எழுத வேண்டாம், பகல் எப்படி இருந்தது என்று மட்டும் எழுதுங்கள்.