89 கார்களும் ஒரு வீட்டுப் பத்திரமும்

அம்மா, நிர்வாக ஒதுக்கீட்டில் மகனுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் வாங்க வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கலாமா என்று கேட்டீர்கள். அண்ணன் சொல்லைத் தட்ட முடியாத உங்கள் சங்கடம் புரிகிறது. ஆனாலும் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். இதற்கு மேல் ஆறுதல் சொல்லப் போவதில்லை.

உங்கள் மகன் தன் நோட்டைக் காட்டினான். கார்ப் பைத்தியம் என்றீர்களே, எஞ்சின் படங்கள் இருக்கும் என்று நினைத்தேன். பக்கம் பக்கமாக எண்கள்! ஃபெராரி 2023-இல் விற்றது 13,663 கார்கள், 2024-இல் 13,752. கூடியது வெறும் 89. வருவாயோ 11 சதவீதத்துக்கு மேல் உயர்ந்திருக்கிறது. 'வாங்க ஆள் காத்திருக்கும்போது ஏன் அதிகம் செய்யவில்லை?' என்று ஓரத்தில் எழுதியிருக்கிறான். விலை கூடிய மாடல்கள், வாங்குபவர் கேட்கும் நிறம், தோல் வேலைப்பாடு, இவற்றால்தான் வருவாய் கூடியது என்று பாதி விடையையும் அவனே பிடித்துவிட்டான்.

இந்தப் புத்திக்கென்றே படிப்பு இருக்கிறது. கிண்டி பொறியியல் கல்லூரியில் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங், திருச்சி என்.ஐ.டி.யிலும் கோவை பி.எஸ்.ஜி.யிலும் புரொடக்‌ஷன் இன்ஜினியரிங். எந்த வேலை எத்தனை நிமிடம் பிடிக்கும், எந்த இடத்தில் வரிசை தேங்கும், எந்த உதிரிபாகத்தை எவ்வளவு கையிருப்பில் வைக்கலாம், தேவையை எப்படி முன்கூட்டிக் கணிப்பது என்பதெல்லாம் இங்கே பாடம். 2022-இல் உக்ரைனில் போர் மூண்டதும் அங்கிருந்து வரவேண்டிய வயரிங் தொகுப்புகள் நின்றுபோயின. ஜெர்மனியின் லைப்சிக்கில் போர்ஷே தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியது. ஒவ்வொரு காருக்கும் அதன் வசதிகளுக்கேற்ப வயரிங் மாறும் என்பதால், முன்கூட்டியே வாங்கிக் குவித்து வைக்கவும் வழியில்லை. அத்தகைய நாளில் நிர்வாகம் தேடுவது இந்தப் படிப்புக்காரரைத்தான். ஃபெராரி தொழிற்சாலை இருக்கும் இத்தாலியின் மாரனெல்லோவில் வேலை கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. நம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கார்த் தொழிற்சாலைகளிலும் இதே கணக்குத்தான்.

கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு முண்டியடிக்கும் கூட்டம் இங்கே இல்லை. ஆனால் நன்கொடை கொடுத்து வாங்குவதாக இருந்தால் இந்தப் படிப்பும் வேண்டாம். கலந்தாய்வில் விருப்பப் பட்டியலை அவனே நிரப்பட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். அண்ணனுக்குக் கோபம் வந்தால் என் எண்ணைக் கொடுங்கள்.