எம்ஆர்ஐ அறிக்கையில் 'இதயத் தசையில் தழும்பு' என்று வந்தால் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 36. பரம்பரையாக வரும் இதயத் தசைத் தடிப்பு நோய், அதாவது ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி, இருப்பதாக இரண்டு ஆண்டுகளுக்கு முன் சொன்னார்கள். அண்மையில் எடுத்த எம்ஆர்ஐயில் இடது கீழறைத் தசையில் 8 சதவீதம் தழும்பு என்று வந்திருக்கிறது. மயக்கம் எதுவும் வந்ததில்லை. ஆனால் என் சித்தப்பா 38 வயதில் தூக்கத்திலேயே இறந்தவர். எனக்கு ஐசிடி கருவி (ஆபத்தான துடிப்பு வந்தால் ஷாக் கொடுத்துச் சரிசெய்ய உடலுக்குள் பொருத்துவது) வேண்டுமா? 11 வயது மகளையும் பரிசோதிக்க வேண்டுமா?

பதில்: 8 சதவீதம் என்ற ஒரே எண்ணை வைத்துக் கருவி வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ யாரும் சொல்லிவிட முடியாது. கவனிக்காமல் விடத்தக்க எண்ணும் அல்ல அது. அந்தத் தழும்பு என்ன செய்கிறது என்று தெரிந்தால், மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெளிவாகும்.

இந்நோயில் தசை நார்கள் ஒழுங்கான வரிசையில் அமையாமல் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. தடித்துவிட்ட தசைக்குப் போதிய ஆக்சிஜனைக் குறுகிப்போன நுண் இரத்தக் குழாய்களால் கொடுக்க இயலாததால், ஆங்காங்கே தசைச் செல்கள் மடிந்து அவ்விடத்தில் நார்த்திசு வளர்கிறது. நார்த்திசு மின் துடிப்பைக் கடத்தாது. ஆனால் அதன் ஊடே உயிரோடு எஞ்சியிருக்கும் மெல்லிய தசை இழைகள் கடத்தும், மிக மெதுவாக. அந்தச் சந்து வழியே தாமதமாகப் போகும் துடிப்பு மறுமுனையில் வெளிவரும் நேரத்தில் சுற்றியுள்ள தசை அடுத்த தூண்டலுக்குத் தயாராகியிருந்தால், அதே துடிப்பு மீண்டும் உள்ளே புகுந்து சுழலத் தொடங்கிவிடும். கீழறைகள் மிக வேகமாகத் துடிக்கும் வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது. அது கட்டுக்குலைந்து, கீழறைகள் சுருங்காமல் வெறுமனே நடுங்கும் நிலைக்குப் போவது வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன். அப்போது சில நொடிகளில் நினைவு தப்பும், சில நிமிடங்களுக்குள் ஷாக் கொடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

அறிக்கையைப் படிக்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, தழும்பு இருக்கும் இடம். வலது கீழறை வந்து நடுச்சுவரோடு சேரும் இரு புள்ளிகளில் மட்டும் சிறிதளவு காணப்படுவது இந்நோயில் மிகச் சாதாரணம். தடித்த சுவரின் நடுவே திட்டுத்திட்டாகப் பரவியிருப்பதுதான் கூடுதல் கவனத்துக்குரியது. இரண்டாவது, அளந்த முறை. ஊசி வழியே ஏற்றிய காடோலினியம் என்ற, படத்தைத் தெளிவாக்கும் மருந்து நலமான தசையிலிருந்து விரைவில் வெளியேறி, தழும்பில் தங்கி, படத்தில் வெண்மையாகத் தெரியும். எந்த அளவு வெண்மையைத் தழும்பு என்று கொள்வது என்பதில் பல முறைகள் உள்ளன. ஒரே படத்தை இரு முறைகளில் அளந்தால் இரு வேறு சதவீதங்கள் வரலாம். ஆகவே சில ஆண்டுகள் கழித்து எடுக்கும் படத்தில் 8 என்பது 11 ஆகியிருந்தால், அதே முறையில்தான் அளந்தார்களா என்று கேட்டுவிட்டுக் கவலைப்படுங்கள். மூன்றாவது, இடது கீழறை நுனியில் பலூன் போன்ற வீக்கம் உண்டா என்பது. அது இருந்தால் தனியாகவே அபாயக் குறிதான்.

தழும்பு 15 சதவீதத்தைத் தொடும்போது திடீர் இதய நிறுத்த அபாயம், தழும்பு இல்லாதவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்காகிறது என்பது ஆய்வுகளில் கண்டது. ஆனால் 14-இல் பாதுகாப்பும் 15-இல் ஆபத்தும் என்று கோடு போட்டுப் பிரிக்க முடியாது. அபாயம் படிப்படியாகவே கூடுகிறது. தழும்பே தெரியாதவருக்கும் அபாயம் முற்றிலும் இல்லை என்று கூற இயலாது, ஏனெனில் மிக நுண்ணிதாகப் பரவிய நார்த்திசு இந்தப் படத்தில் தெரியாது.

எனவே மற்றக் குறிகளையும் சேர்த்தே எடைபோட வேண்டும்: சுவரின் தடிப்பு 30 மில்லிமீட்டரை எட்டுகிறதா, காரணம் தெரியாத மயக்கம் வந்ததா, இதயம் இரத்தத்தை வெளியேற்றும் திறன் 50 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டதா, ஹோல்டர் பதிவில் (சிறு கருவியை உடலில் மாட்டி நாள் முழுவதும் எடுக்கும் ஈசிஜி) மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கீழறைத் துடிப்புகள் தொடர்ச்சியாக வேகமாக வந்தனவா. ஹோல்டர் எடுக்கவில்லையென்றால் 24 முதல் 48 மணி நேரப் பதிவை முதலில் எடுங்கள். உங்கள் கேள்விக்கு மிகப் பயனுள்ள அடுத்த பரிசோதனை அதுவே. சித்தப்பாவின் இறப்பை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஐரோப்பிய வழிகாட்டுதலின் ஐந்தாண்டு அபாயக் கணக்கீடு பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரின் திடீர் இறப்பையே குடும்ப வரலாறாகக் கொள்கிறது; அதற்காகச் சித்தப்பாவின் இறப்பு பொருளற்றதாகிவிடாது, இதயநோயால்தான் இறந்தார் என்ற சான்று ஏதேனும் இருந்தால் அதற்கு எடை உண்டு. அந்தக் கணக்கீட்டில் தழும்பு சேர்க்கப்படவில்லை என்பதால், அபாயம் குறைவு என்று வந்தவருக்கும் தழும்பு 15 சதவீதத்தை எட்டினால் கருவி பற்றி யோசிக்கலாம் என்று 2023-ஆம் ஆண்டு ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிறது.

நீங்கள் எழுதியுள்ளதை மட்டும் வைத்துப் பார்த்தால், மற்றக் குறிகள் எதுவும் இல்லாதபட்சத்தில் உடனே ஐசிடி பொருத்த வேண்டிய நிலை உங்களுக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. கருவி உயிரைக் காக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தேவையற்ற ஷாக், கம்பியில் கோளாறு, தொற்று ஆகியவையும் அதனுடன் வரக்கூடும். 36 வயதில் பொருத்தினால் பேட்டரிக்காகப் பலமுறை மாற்றவும் வேண்டியிருக்கும். பீட்டா பிளாக்கர் மாத்திரை படபடப்பையும் மூச்சுத்திணறலையும் குறைக்கும், ஆனால் ஐசிடி தேவைப்படுபவருக்கு அது மாற்றாகாது. மிதமான உடற்பயிற்சியைப் பயந்து நிறுத்த வேண்டியதில்லை. போட்டி விளையாட்டு என்றால் மட்டும் முன்கூட்டியே மருத்துவருடன் பேசி முடிவெடுங்கள். உழைப்பின்போது மயக்கம் வந்தால் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இங்கே சொன்னவை உங்கள் நோய்க்கு உரியவை. லேமின் அல்லது ஃபிலமின்-சி மரபணுக் கோளாற்றால் வரும் இதயத் தசை நோய்களில் இதைவிடக் குறைந்த தழும்பையும் தீவிரமாக எடுத்துக்கொள்கிறோம்.

மகளுக்கு இந்நோய்க்கான மரபணு வந்திருக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு. அவளுக்கு ஈசிஜியும் எக்கோவும் இப்போதே எடுத்து, வளரும் பருவம் முடியும்வரை ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப எடுக்க வேண்டும். உங்கள் பெற்றோரையும் உடன்பிறந்தவர்களையும் இதேபோல் ஒருமுறை பார்த்துவிடுவது அவசியம். மரபணுப் பரிசோதனையை முதலில் உங்களுக்குச் செய்யுங்கள். நோய்க்குக் காரணமான மாற்றம் உங்களிடம் உறுதியானால், மகளிடம் அதே மாற்றத்தை மட்டும் தேடினால் போதும். அது அவளிடம் இல்லையென்றால் இந்தத் தொடர் பரிசோதனைகள் அவளுக்குத் தேவைப்படாது. உங்களிடமே எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லையென்றால் அவளுக்கு மரபணுப் பரிசோதனையால் பயனில்லை. ஈசிஜியும் எக்கோவும்தான் தொடர வேண்டும்.