மச்சினன் கையெழுத்து போதும், பங்கு வேண்டாம்

கேள்வி: ஈரோட்டில் மஞ்சள் தூள், மசாலாப் பொடி அரைத்து விற்கும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துகிறோம். சிங்கப்பூரில் சில கடைகளுக்குச் சரக்கு போகிறது. அங்கேயே ஒரு கம்பெனி தொடங்கி நேரடியாக விற்கலாம் என்று யோசனை. என் மனைவியின் தம்பி அங்கே பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) வாங்கி இருக்கிறார். "மாமா, கம்பெனியை என் பேர்லயே போட்டுடலாம், ஒரே நாள்ல முடிஞ்சிடும், பணத்தை என் அக்கவுண்டுக்கு அனுப்புங்க" என்கிறார். செய்யலாமா?

பதில்: ஒரே நாளில் முடிந்துவிடும் என்பது பெரும்பாலும் உண்மைதான். ஏக்ரா என்ற பதிவு அலுவலகத்தில் எல்லாமே ஆன்லைன், பெயருக்கு 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பதிவுக்கு 300 வெள்ளி, முதலீடு 1 வெள்ளி இருந்தாலே சட்டப்படி போதும். வெளிநாட்டுக்காரர் நூறு சதவீதப் பங்கையும் வைத்துக்கொள்ளலாம். அப்படியிருக்க, மச்சினன் பெயரில் போட வேண்டிய அவசியம் எங்கே வருகிறது?

வருவது ஒரே இடத்தில்தான். சிங்கப்பூரில் வசிக்கும் டைரக்டர் ஒருவராவது கம்பெனியில் இருக்க வேண்டும் என்கிறது அங்குள்ள சட்டம். குடிமகனோ பி.ஆர்.காரரோ இருந்தால் சரி. ஆக உங்களுக்குத் தேவை அவருடைய கையெழுத்து. பங்கு இல்லை. டைரக்டர் என்பது ஒரு பொறுப்பு, பங்குதாரர் என்பது உரிமை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் நம் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பங்கு முழுவதும் உங்கள் ஈரோட்டுக் கம்பெனியின் பெயரில் இருக்கட்டும், மச்சினன் ஒரு பங்குகூட இல்லாமல் டைரக்டராக இருக்கட்டும், கூடவே நீங்களும் ஒரு டைரக்டர். பங்கு அவர் பெயரில் இருந்தால், நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அது அவருடைய வாரிசுகளுக்குப் போகும், அவர் கடன் வாங்கியிருந்தால் கடன்காரர் அதன்மேல் கை வைப்பார், "இது எங்க மாமா போட்ட பணம்" என்று வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு கோர்ட்டில் நிரூபிப்பது உங்களுக்குப் பெரும்பாடு. மச்சினன் தங்கமானவராகவே இருக்கலாம். பேச்சு அவரைப் பற்றியது இல்லை.

அவருக்கும் இதில் ஆபத்து உண்டு, அதையும் சொல்லிவிடுங்கள். "சும்மா பேருக்கு டைரக்டர்" என்று அங்கே தனியாக ஒரு ஜாதி கிடையாது. ஆண்டறிக்கை தாக்கல் செய்யாவிட்டால் நோட்டீஸ் அவர் வீட்டுக்குத்தான் போகும். உள்ளூரில் வசிக்கும் கடைசி டைரக்டர் அவர்தான் என்றால், வேறு ஒருவரைப் போடாமல் ராஜினாமாகூடச் செய்ய முடியாது. இப்போது வேலை பார்க்கும் இடத்தில் வெளிக் கம்பெனியில் டைரக்டராக இருக்க அனுமதி உண்டா என்று அவர் முதலில் கேட்டுக்கொள்ளட்டும். ஆறு மாதத்துக்குள் ஒரு கம்பெனி செக்ரட்டரியும் நியமிக்க வேண்டும், தனியாக இருக்கும் ஒரே டைரக்டரே செக்ரட்டரியாகவும் இருக்க முடியாது.

சரி, பணம். எனக்கு இதுதான் பெரிய கவலை. மச்சினன் அக்கவுண்டுக்குப் பணம் அனுப்பி அவர் அதைக் கம்பெனியில் போட்டால், அது நம் சட்டத்தின் பார்வையில் உங்கள் கம்பெனியின் முதலீடே இல்லை. வெளிநாட்டு முதலீட்டுக்கு என்றே ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தின்கீழ் 2022 ஆகஸ்டில் புது விதிகள் வந்திருக்கின்றன. அதன்படி உங்கள் வங்கியிடம் எஃப்.சி. என்ற படிவத்தைக் கொடுத்து, வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஓர் அடையாள எண் வாங்கி, அப்புறம்தான் முதல் ரூபாய் வெளியே போக வேண்டும். உங்கள் கம்பெனியின் நிகர மதிப்பைப்போல (சொத்தில் கடன் போக மீதி) நான்கு மடங்கு வரை இதற்குத் தனி அனுமதி தேவையில்லை, எனவே அளவு உங்களுக்குப் பிரச்சினையாக இருக்காது, எது முதலில், எது அடுத்து என்ற வரிசைதான் பிரச்சினை. பணத்தை அனுப்பிவிட்டு அப்புறமாகப் படிவம் தேடுகிறவர்களை எத்தனையோ ஆடிட்டர்கள் தலையில் அடித்துக்கொண்டு பார்த்திருக்கிறார்கள். பங்குச் சான்றை ஆறு மாதத்துக்குள் வங்கியில் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31-க்குள் அந்தக் கம்பெனியின் செயல்பாட்டு அறிக்கையும் போக வேண்டும். தவறினால் தாமதக் கட்டணம் ஒரு பக்கம், அதைச் சரிசெய்யும் வரை மேற்கொண்டு பணம் அனுப்ப முடியாது என்பது இன்னொரு பக்கம். அங்கே வாடகை கட்ட வேண்டிய நாளில் இது தெரியவந்தால் எப்படி இருக்கும்?

வரியில் ஒரு நுணுக்கம். புதுக் கம்பெனிகளுக்கு முதல் மூன்று வருடம் சிங்கப்பூர் பெரிய சலுகை தருகிறது என்று இணையத்தில் எல்லாரும் எழுதுவார்கள். அது தனிநபர் ஒருவராவது 10 சதவீதப் பங்கு வைத்திருந்தால்தான். முழுப் பங்கும் ஈரோட்டுக் கம்பெனியின் கையில் இருந்தால் கிடைக்காது, சின்ன சலுகை மட்டும்தான். இதற்காக மச்சினனுக்கு 10 சதவீதம் எழுதி வைக்கலாமே என்று தோன்றும். லாபக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், முதல் வருடம் லாபமே வராத கம்பெனிக்கு வரிச் சலுகையால் என்ன பயன்? அப்புறம், உங்கள் கம்பெனியே உங்கள் கம்பெனிக்கு விற்பதால் விலையை இஷ்டத்துக்கு வைக்கக் கூடாது; வெளி ஆளுக்கு என்ன விலையோ அதையொட்டி இருக்க வேண்டும், அதற்கான தாள்களும் கையில் இருக்க வேண்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இதுவரை சரக்கை இறக்குமதி செய்தவர் அங்குள்ள வியாபாரி. இனிமேல் இறக்குமதியாளர் நீங்கள். உணவுத் துறையில் பதிவு, ஒவ்வொரு சரக்குக்கும் அனுமதி, சரக்கில் தவறு என்றால் கடைகளிலிருந்து திரும்ப எடுப்பது, எல்லாம் உங்கள் தலையில். 2024 ஏப்ரலில் இந்திய மசாலா ஒன்றில் எத்திலீன் ஆக்சைடு என்ற பூச்சிக்கொல்லி அளவுக்கு மேல் இருக்கிறது என்று சிங்கப்பூர் அதைத் திரும்பப் பெறச் சொன்னது நினைவிருக்கும். நீங்கள் மசாலாக்காரர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆய்வகச் சான்று இல்லாமல் ஒரு மூட்டைகூட ஏற்றாதீர்கள்.

கேள்வி: எங்கள் பிராண்ட் பெயர் இந்தியாவில் பதிவாகியிருக்கிறது. வெளிநாட்டில் அது செல்லுமா?

பதில்: செல்லாது. டிரேட்மார்க் நாட்டுக்கு நாடு தனி. ஆனால் இந்தியா 2013-ல் டிரேட்மார்க் பதிவுக்கான மாட்ரிட் சர்வதேச ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டதால், இங்கிருந்தே ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் குறிப்பிட்டுக் கேட்கலாம். முதல் ஐந்து வருடம் அது இந்தியப் பதிவைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இங்கே பதிவு ரத்தானால் அங்கேயும் போய்விடும். உங்கள் விநியோகஸ்தர் அன்போடு "நானே என் பேர்ல பதிஞ்சு தர்றேன்" என்றால், நன்றி சொல்லிவிட்டு நீங்களே பதியுங்கள்.

கேள்வி: துபாயில் கம்பெனி வைத்தால் 51 சதவீதம் அரபிக்காரருக்குத் தர வேண்டுமாமே?

பதில்: பழைய கதை. 2021 ஜூன் முதல் பெரும்பாலான தொழில்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. "துபாயில் வரியே இல்லை" என்பதும் பழைய கதைதான்: 2023 ஜூன் 1 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கும் கணக்கு ஆண்டிலிருந்து, 3,75,000 திர்ஹாமுக்கு மேல் போகும் லாபத்துக்கு 9 சதவீத வரி உண்டு.