மீட்டரில் 100, போனில் 93: எதை நம்புவது?

கேள்வி: என் காருக்கு ஐந்து வயது ஆகிறது. ஸ்பீடோமீட்டர் முள் 100-ல் நிற்கும்போது போனில் இருக்கும் மேப் 93, 94 என்றுதான் காட்டுகிறது. சர்வீஸ் சென்டரில் கேட்டால் “எல்லா காரும் அப்படித்தான் சார்” என்று அனுப்பிவிட்டார்கள். மீட்டர் பழுதா? டயர்களும் (185/65 ஆர் 15) தேய்ந்து, மாற்ற வேண்டிய நிலையில் இருக்கின்றன. கொஞ்சம் பெரிதாக 205/65 போடச் சொல்கிறார் கடைக்காரர். போட்டால் இந்த வித்தியாசம் கூடுமா, குறையுமா?

பதில்: சர்வீஸ் சென்டரில் சொன்னது சரிதான். ஏன் என்று சொல்லாமல் விட்டதுதான் குறை. உங்கள் மீட்டர் பழுதாகவில்லை; கூட்டிக் காட்டும்படிதான் அதை அமைத்திருக்கிறார்கள்.

பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. வாகன ஒழுங்குமுறை எண் 39 இதற்கென்றே இருக்கிறது. மீட்டர் காட்டும் வேகம் உண்மை வேகத்தைவிட ஒருபோதும் குறைவாக இருக்கக் கூடாது என்பது அதன் முதல் நிபந்தனை. கூடுதலாகக் காட்டலாம், ஆனால் உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கு, அதோடு ஒரு 4 கி.மீ., அவ்வளவுதான் உச்சம். அதாவது கார் 100-ல் ஓடும்போது முள் 100-லிருந்து 114 வரை எங்கே நின்றாலும் சோதனையில் தேறிவிடும். 99 காட்டினால் தேறாது. மேல் பக்கம் 14 கி.மீ. சலுகை, கீழ்ப் பக்கம் ஒன்றுகூடக் கிடையாது என்றால் எந்தத் தயாரிப்பாளரும் முள்ளைக் கொஞ்சம் மேலே தள்ளித்தான் வைப்பார். உங்கள் கார் உண்மையில் 93-ல் ஓடும்போது 106 வரை காட்டவே விதி இடம் கொடுக்கிறது. அது 100-தான் காட்டுகிறது.

சரி, துல்லியமாகவே காட்டிவிட்டால் என்ன என்று கேட்கலாம். சிக்கல் என்னவென்றால், காருக்குத் தன் வேகம் நேரடியாகத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பதுதான். சக்கரத்திலோ கியர்பாக்ஸிலோ இருக்கும் சென்சார், சுற்றுக்கு இத்தனை துடிப்பு என்று அனுப்புகிறது. ஒரு சுற்றுக்கு டயர் இவ்வளவு தூரம் போகும் என்று முன்கூட்டியே பதிந்து வைத்த எண்ணால் அதைப் பெருக்கி வேகமாகக் காட்டுகிறார்கள். அந்த எண் மாறாது. டயர் மாறிக்கொண்டே இருக்கும். டிஜிட்டல் மீட்டரில் 87 என்று பளிச்சென்று தெரிவதைப் பார்த்து, அது முள்ளைவிடத் துல்லியம் என்று சிலர் நினைக்கிறார்கள். அதுவும் இதே கணக்குதான், எழுத்து மட்டும்தான் தெளிவு.

இப்போது உங்கள் டயருக்கு வருவோம். 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 65 சதவீதம், அதாவது சுமார் 120 மி.மீ. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில், 381 மி.மீ. ரிம்முக்கு மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர் சேர்த்தால் டயரின் மொத்த விட்டம் 621.5 மி.மீ. புது டயரில் பட்டன் ஆழம் (சாலையில் படும் பரப்பில் வெட்டியிருக்கும் பள்ளங்களின் ஆழம்) வழக்கமாக 8 மி.மீ. அளவில் இருக்கும். பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கும் கடைசி ஆழம் 1.6 மி.மீ. அதுவரை தேய்ந்தால் விட்டத்தில் கிட்டத்தட்ட 13 மி.மீ. போய்விடும். இரண்டு சதவீதம். தேய்ந்த டயர் அதே தூரத்துக்கு அதிகம் சுற்ற வேண்டும், அதனால் மீட்டரும் அந்த இரண்டு சதவீதத்தைக் கூட்டிக் காட்டும். நீங்கள் பார்க்கும் ஆறு, ஏழு கி.மீ. வித்தியாசத்தில் ஏறக்குறைய இரண்டு கி.மீ. டயர் தேய்மானத்தால் வந்தது. அதே அளவில் புது டயர் போட்டாலே முள் 100-ல் நிற்கும்போது போன் 95, 96 காட்டும்.

205/65 போட்டால்? விட்டம் 647.5 மி.மீ. ஆகிறது. புது டயரோடு ஒப்பிட்டால் நான்கு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே, இப்போதிருக்கும் தேய்ந்த டயரோடு ஒப்பிட்டால் ஆறு சதவீதத்துக்கும் மேலே கூடுகிறது. முள் 100, போன் 99 அல்லது 100 என்று ஆகிவிடும். “மீட்டர் சரியாகிவிட்டதே” என்று சந்தோஷப்படத் தோன்றும். நான் சந்தோஷப்பட மாட்டேன். பாதுகாப்புக்காக விட்டிருந்த இடைவெளி முழுவதும் காலியாகிவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம். இன்னும் ஒரு சுற்று பெரிய டயர் போட்டாலோ, இடைவெளியே குறைவாக வைத்திருக்கும் வேறொரு காரில் இதையே செய்தாலோ, மீட்டர் குறைத்துக் காட்ட ஆரம்பிக்கும். அப்புறம் வளைவில் திரும்பும்போது பெரிய டயர் சக்கரக் கூண்டில் உரசும் தொல்லை வேறு.

இதில் யாரும் கவனிக்காத ஒன்று, கார் ஓடிய மொத்த தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டர். அதுவும் சக்கரச் சுற்றைத்தான் எண்ணுகிறது. ஆனால் வேக முள்ளுக்குக் கொடுக்கும் செயற்கையான கூட்டலைப் பெரும்பாலும் இதற்குக் கொடுப்பதில்லை. அதனால் பல கார்களில் வேகம் ஐந்து சதவீதம் கூட்டிக் காட்டினாலும் தூரம் ஓரளவு சரியாகவே இருக்கும். 205 டயர் போட்ட பிறகு நீங்கள் நிஜமாக 1000 கி.மீ. ஓட்டினால் ஓடோமீட்டர் 960 பக்கம்தான் காட்டும். பெரிய டயர் போட்டதும் மைலேஜ் விழுந்துவிட்டது என்று புலம்புகிறவர்களின் கணக்கில் ஒரு பகுதி இதுதான். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்காவிட்டாலும், ஓடிய தூரமே குறைவாகப் பதிவாகியிருக்கும்.

காற்றழுத்தத்தைப் பற்றியும் கேட்பார்கள். ரேடியல் டயரில் (அளவில் வரும் ‘ஆர்’ இதைத்தான் குறிக்கிறது) பட்டனுக்கு அடியில் இருக்கும் இரும்புப் பட்டையின் சுற்றளவு அவ்வளவாக மாறாது. ஆகவே காற்று சற்றுக் குறைந்தால் டயருக்குத்தான் கெடுதல், மீட்டரில் பெரிதாக எதுவும் தெரியாது.

போன் சொல்வதை எவ்வளவு நம்பலாம்? நேரான சாலை, திறந்த வானம், ஒரே வேகம் என்றால் நிறையவே நம்பலாம். ஜி.பி.எஸ். வெறுமனே இரண்டு இடங்களுக்கு நடுவில் உள்ள தூரத்தை நேரத்தால் வகுத்துச் சொல்வதில்லை. செயற்கைக்கோள் சிக்னலின் அலைவரிசை நம் ஓட்டத்தால் எவ்வளவு நகர்கிறது என்பதிலிருந்தே வேகத்தைக் கணிக்க அதனால் முடியும். மேலே சொன்ன சூழலில் பிழை ஒரு கி.மீ.க்குள்தான் இருக்கும். ஆனால் அது பெரும்பாலும் நொடிக்கு ஒரு முறைதான் புதுப்பிக்கிறது, திரைக்கு வரவும் சற்றுத் தாமதமாகும். பிரேக் பிடிக்கும்போதும் ஓவர்டேக் செய்யும்போதும் அது காட்டுவது பழைய வேகம். சுரங்கப்பாதையிலும் உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் அதைப் பார்க்கவே வேண்டாம்.

வீட்டில் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு ஒரு முறை சோதித்துப் பாருங்கள். ஓட்டுகிறவர் போனைப் பார்க்கக் கூடாது. முள்ளை 40-ல் பத்துப் பதினைந்து விநாடி அசையாமல் பிடியுங்கள். பக்கத்தில் இருப்பவர் போனில் வருவதை எழுதிக்கொள்ளட்டும். அப்புறம் 60, 80, சாலை இடம் கொடுத்தால் 100. ஒரே வேகத்தில் மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். சில கார்களில் வேகம் ஏற ஏற இடைவெளியும் வளரும், சிலவற்றில் எல்லா வேகத்திலும் மூன்று நான்கு கி.மீ. என்று ஒரே மாதிரி இருக்கும். போன் இல்லாவிட்டால் கிலோமீட்டர் கற்களே போதும். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு எத்தனை விநாடி என்று பார்த்து, 3600-ஐ அதால் வகுங்கள். 45 விநாடி என்றால் 80 கி.மீ. ஒற்றைக் கல் தள்ளி நட்டிருக்கலாம் என்பதால் ஐந்து கல் தூரத்துக்கு அளந்து ஐந்தால் வகுப்பது நல்லது.

இடைவெளி தெரிந்துவிட்டதே, இனி 100 வரம்புள்ள சாலையில் முள்ளை 106-ல் வைத்து ஓட்டலாமா என்று அடுத்த கேள்வி வரும். கேமராவும் ராடாரும் அளப்பது உங்கள் நிஜ வேகத்தை. மீட்டர் என்ன காட்டியது என்பது அவற்றுக்குத் தெரியவே தெரியாது. கணக்குப்படி நீங்கள் தப்பிக்கலாம். ஆனால் அந்த ஆறு கி.மீ. இன்றைய டயருக்கான கணக்கு. புது டயர் மாட்டிய மறுநாளே அது நான்கு ஆகிவிடும், பழக்கம் மட்டும் 106-லேயே நிற்கும்.

மீட்டரைப் பற்றி உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. போனைவிடக் குறைவாகக் காட்டுவது, டயர் மாற்றாமலே இடைவெளி திடீரென்று மாறுவது, ஓடும்போதே முள் பூஜ்யத்துக்கு விழுவது. கூடவே ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கும் எரிந்தால் பெரும்பாலும் சக்கர சென்சாரிலோ அதன் ஒயரிலோதான் கோளாறு. கேபிள் வைத்த பழைய கார்களில் முள் நடுங்கினால் கேபிள் காய்ந்திருக்கும் அல்லது எங்கேயாவது மடிந்திருக்கும். பழைய கார் வாங்கியவர்கள், கியர்பாக்ஸோ மீட்டர் பெட்டியோ வேறு மாடலிலிருந்து மாற்றிப் பொருத்தப்பட்டதா என்றும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

உங்களுக்கு என் யோசனை: அதே 185/65 ஆர் 15 போடுங்கள். அலாய் வீலுக்கு ஆசைப்பட்டு 16 அங்குல ரிம்முக்குப் போவதாக இருந்தால் 195/55 ஆர் 16 பாருங்கள். விட்டம் 621 மி.மீ., மீட்டருக்கு வித்தியாசமே தெரியாது. அது உங்கள் மாடலுக்குப் பொருந்துமா, காரின் எடையைத் தாங்கும் லோடு குறியீடு இருக்கிறதா என்பதைக் கையேட்டில் சரிபார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். 205-தான் வேண்டும் என்றால், டயர் அளவை மாற்றிப் பதிய முடியுமா என்று முதலில் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். சில மாடல்களில் ஸ்கேனரை இணைத்து அதைச் செய்யலாம், பலவற்றில் அந்த வசதியே கிடையாது.